உளுந்து ஏற்றிய கப்பல்

அந்தப் படத்தின் கடைசி நாலைந்து நிமிடங்களில் நீங்கள் என்ன பேசியிருப்பீர்கள், அக்கா? எனக்குத் தெரியவில்லை. குளிர்காலம் முழுவதும் யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை.

உங்கள் மைக் இப்போது என் சமையலறை மேசைமீது இருக்கிறது. நமக்குப் படம் ஓட்டும் பொண்டி அண்ணை இன்று காலை லா சப்பல் மெற்றோ வாசலில் நின்று, மரக்கறிக்கடைப் பை ஒன்றுக்குள் சுற்றி, மீன் கொடுப்பதுபோல அதை என் கையில் கொடுத்தார். "கவனம், கீழ போட்டிடாதையும்" என்றார். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் கிராம்பு வாசம் வந்தது. மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சில் இன்னும் அது இருக்கிறது. பேசத் தொடங்குமுன் ஒரு கராம்பை, நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள், கடைவாயில் அடக்கிக்கொள்வீர்கள். தொண்டைக்கு நல்லது என்பீர்கள். அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "நான்தான் ஆதாரம்" என்றீர்கள். வேதியியல் படித்தவள் என்ற முறையில், ஒரு வாசம் பஞ்சில் இவ்வளவு காலம் தங்குவதற்கு என்னால் காரணம் சொல்ல முடியும். சொல்லி என்ன ஆகப்போகிறது.

இறந்தவர்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று லெ பிளாங்-மெனிலில் உங்கள் வீட்டில் எல்லோரும் உங்கள் படத்தின் முன்னால் நின்று ஏதேதோ பேசினார்கள். நான் பின்னால் போய்ப் பாத்திரம் கழுவினேன். இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு. நாளை பிற்பகல் மண்டபத்தில் நம் உளுந்துக் கப்பல் படம் ஓடப்போகிறது. திரைக்குப் பக்கத்தில், உங்கள் கதிரையில், நான் உட்காரப்போகிறேன். நான் இப்படி ஒரு முடிவுக்கு வந்ததை யாருக்காவது விளக்கியாக வேண்டும். விளங்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

முதல் நாள் மழைக்கு ஒதுங்கத்தான், ஞாயிறுதோறும் நீங்கள் படம் போடும் அந்த மண்டபத்துக்குள் நான் நுழைந்தேன். கையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும். உள்ளே ஏதோ அமெரிக்கப் போலீஸ் படம். படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் எல்லா ஆட்களுக்கும் தானே தமிழில் பேசிக்கொண்டிருந்தார். கள்ளனுக்கு ஒரு குரல், காரோட்டிக்கு ஒரு குரல். போலீஸ்காரர் கள்ளனுக்கு விலங்கு மாட்டி, மௌனமாக இருக்க உனக்கு உரிமை உண்டு என்று ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறார். நீங்கள் சொன்னது: "மூச்சுக் காட்டாமல் வா, தம்பி. கொம்மா கேள்விப்பட்டால் என்ன நினைப்பா?" மண்டபம் முழுவதும் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. படம் முடிந்ததும் நேரே உங்களிடம் வந்தேன்.

"அந்தப் போலீஸ்காரர் அப்படிச் சொல்லலைங்க."

"ஓம், சொல்லேல்லைத்தான்" என்றீர்கள், மைக்கைத் துடைத்தபடி. "சொல்லியிருக்கோணும்."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "நீர் இந்தியாவோ?"

"திருச்சி."

"அதுதானே பாத்தன். உமக்கு இங்கிலிஷ் வடிவா விளங்குது. ஒண்டு செய்யும். அவன் சொல்லுறதை நீர் எழுதித் தாரும். சொல்லாததை நான் பாத்துக்கொள்ளுறன்."

அப்படித்தான் நம் வேலை பிரிந்தது. சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுச் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வசனத்தையும் நான் சரியாகத் தமிழில் எழுதுவேன். ஞாயிறன்று அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்தும் பாராமலும், உங்கள் இஷ்டத்துக்குப் பேசுவீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். ஒருமுறை ஒரு நீதிபதியின் தீர்ப்பையே மாற்றிவிட்டீர்கள். குற்றவாளிக்கு ஏழு ஆண்டு, நீங்கள் மூன்றாக்கினீர்கள். "பாவம், முகத்தைப் பாத்தால் தெரியேல்லையே உமக்கு?"

வருகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. பியர்ஃபித் மாமி அந்த ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வாரத்தில் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவது அந்த ஒரு பிற்பகல்தான். வீட்டில் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் பேசுவார்கள், தொலைக்காட்சி பிரெஞ்சில் பேசும். இங்கே வந்தால் அமெரிக்கக் கள்ளனும் அவரோடு தமிழில் பேசினான். பலருக்குக் கண் மங்கல். எழுத்து ஓடினால் வாசித்து முடிப்பதற்குள் அடுத்த ஆள் பேசிவிடுவார். அவர்களுக்கு வேண்டியது ஒரு குரல். அது நிற்கக் கூடாது. பாத்திரங்கள் பேசாத இடத்திலும் நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். கதவு திறந்தால் "ஆரது?" என்பீர்கள். ஒருவன் ஜன்னலருகே சும்மா நின்றால், அவன் மனசுக்குள் ஓடுவதைப் பேசுவீர்கள். இது எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒருநாள் கேட்டேன். உளுந்து கழுவிக்கொண்டே காரணம் சொன்னீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு நீரிழிவில் பார்வை போய்விட்டது. படப் பைத்தியம் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அவருக்குப் பக்கத்திலிருந்து நடப்பதை எல்லாம் காதுக்குள் சொல்வது பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்தே உங்கள் வேலை. முன்வரிசைக்காரர்கள் திரும்பி, சத்தம் போடாதே என்று சொல்லப்போகிறார்கள் என்று பயந்தீர்களாம். அவர்களோ "பிள்ளை, கொஞ்சம் உரக்கச் சொல்லு" என்றார்களாம். ஆங்கிலப் படம், அவர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "நான் வாயை மூடினால் அப்பா படம் முடிஞ்சுதெண்டு நினைச்சு எழும்பிப் போயிடுவார். கையைப் பிடிச்சு இழுத்து இருத்தோணும். அதுக்குப் பிறகு எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது" என்றீர்கள்.

அந்தக் கப்பல் படத்தை நீங்கள் பொண்டியில், அண்ணையின் ஊரில், நடந்த பழைய சாமான் சந்தையில் வாங்கினீர்கள். பெட்டியில் ஒரு சாய்ந்த கப்பலும், தேநீர்க் கோப்பை பிடித்த ஒரு கேப்டனும். எழுபதுகளில் வந்த ஆங்கிலப் படம். என் மாணவப் பருவத்தில் நான் இப்படிப்பட்ட படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது வேறு மாதிரியான படம். பேரழிவுப் படம் என்றால் அலை மலைபோல் எழ வேண்டும், ஆட்கள் அலற வேண்டும். இதில் யாரும் குரலை உயர்த்துவதே இல்லை. இங்கிலாந்திலிருந்து நார்வேக்குப் போகும் ஒரு பழைய பயணிகள் கப்பல். அடித்தட்டு முழுவதும் மூட்டை மூட்டையாகக் காய்ந்த பட்டாணி. மேலே சாப்பாட்டு மண்டபத்தில் பயணிகளுக்கு வினாடிவினாப் போட்டி. யாரோ வேண்டுமென்றே அடித்தட்டில் தீ வைத்துவிடுகிறார்கள். மாலுமிகள் குழாய் குழாயாகத் தண்ணீர் அடித்து அரை மணிக்குள் அணைத்துவிடுகிறார்கள். எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். கேப்டன் தேநீர் கொண்டுவரச் சொல்கிறார். படம் தொடங்கி இன்னும் பாதிகூட ஆகவில்லை.

நான் வழக்கம்போல வசனத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"விசரங்கள்! உதுக்குள்ளை தண்ணியை ஊத்திப்போட்டு தேத்தண்ணி குடிக்கிறாங்கள்!"

எனக்குப் புரியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மூடியிருந்த சட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தீர்கள். காலையில் ஊறப்போட்ட உளுந்து. மூடியை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. "இதைப் பாரும். அரைச் சட்டிதான் போட்டனான். இப்ப கப்பல் நிறைய." திரும்பிப் படத்தைப் பார்த்தோம். கேப்டன் தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். கீழே எங்கோ ஓர் இரும்புத் தகடு முனகியது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கலக்கினார். அதற்குப் பிறகு வரும் அரை மணி நேரத்தைப் பார்த்தபோது வந்த பயம் வேறெந்தப் படத்திலும் எனக்கு வந்ததில்லை. கதவுகள் மூட மறுக்கின்றன. தரை மெதுவாகப் புடைக்கிறது. மேலே வினாடிவினா நடத்துகிறவர் அடுத்த கேள்வியைக் கேட்கிறார். பென்சில்கள் மேசையில் உருளத் தொடங்குகின்றன.

"நான் இதை உளுந்தெண்டுதான் சொல்லப்போறன்" என்றீர்கள்.

"அக்கா, அது பட்டாணி. இங்கிலாந்துக் கப்பல்ல உளுந்து எப்படி வரும்?"

"ஏன், லண்டனிலை ஒருத்தரும் தோசை சாப்பிடேல்லையோ?"

உளுந்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றுமுதல் படத்துக்கும் அதுவே பெயர்.

இன்னோர் இடம். கப்பலைக் காப்பாற்ற, ஊறிய பட்டாணியை வாளிகளில் அள்ளி வரிசையாகக் கைமாற்றிக் கடலில் கொட்டுகிறார்கள். விருந்துடுப்புப் போட்ட சீமாட்டிகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். முடியவில்லை. உயிர்காப்புப் படகுகளை இறக்குகிறார்கள். ஏறும்போது ஒரு கனவான் பின்னால் நிற்கும் பெண்ணிடம் தொப்பியைத் தூக்கி, தாங்கள் முதலில், என்கிறார். நான் அதை அழகாக எழுதிவைத்திருந்தேன். நீங்கள் தாளை ஒருமுறை பார்த்தீர்கள்.

"படகிலை ஏறேக்கை ஆரும் இப்பிடிக் கதைக்க மாட்டினம்."

"பின்னே எப்படிப் பேசுவாங்க?"

"'செருப்பைக் கழட்டுங்கோ, வழுக்கும்.' அதுதான் கதை."

அதை எங்கே கேட்டீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. என் வசனத்தை அடித்துவிட்டு உங்களுடையதை எழுதினேன். நான் எழுதித் திருத்தியதிலேயே சரியான திருத்தம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நாம் உடன்படாதது முடிவில்தான். எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். கேப்டன் கடைசிப் படகில் இருக்கிறார். கப்பல் சாய்ந்து நிற்கிறது, ஆனால் மூழ்கவில்லை. சுற்றிலும் பட்டாணி மிதக்கிறது. அவர் கையை நீட்டித் தண்ணீரிலிருந்து ஒன்றை எடுக்கிறார். பார்க்கிறார். சிரிக்கிறார். அவ்வளவுதான். ஒரு வசனம் இல்லை, இசை இல்லை. தண்ணீர் படகில் அடிக்கும் சத்தம் மட்டும். தீ வைத்தவன் எதற்காக வைத்தான் என்றுகூடப் படம் சொல்லாது.

"இந்த இடத்துல நீங்க பேசக் கூடாதுக்கா. டைரக்டர் வேணும்னே சும்மா விட்டிருக்கார்."

"அவர் விடட்டும். சனம் விடுமோ? என்ன சொல்றான் எண்டு கேக்கும்."

"ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லுங்க."

"ஒண்டும் சொல்லாமல் ஏன் சிரிக்கிறான்?"

"எனக்குத் தெரியலையே."

"உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றீர்கள். ஆனால் சொல்லவில்லை.

அடுத்த மாதமே உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கப்பல் படம் தள்ளிப்போனது. நான் பார்க்க வரும்போதெல்லாம் நோயைப் பற்றிப் பேசவிடமாட்டீர்கள். இரத்தம் எடுக்கவந்த தாதியிடம் கேப்டனின் குரலில் "நல்லது, பெண்ணே, பதற்றம் வேண்டாம்" என்று தமிழில் சொன்னீர்கள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கடைசியாகப் பார்த்த அன்று உங்கள் குரல் மிகவும் இறங்கியிருந்தது. அந்த முடிவில் என்ன பேசுவீர்கள் என்று மறுபடியும் கேட்டேன். "அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் மற்றதுகளை எழுதி முடியும்" என்றீர்கள். நான் மற்றவற்றை எழுதி முடித்தேன்.

நீங்கள் போனபின் மண்டபம் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. பொண்டி அண்ணைதான் எங்களைத் தேநீர்க்கடையில் கூட்டினார். வாழ்நாளெல்லாம் உணவகச் சமையலறைகளில் நின்று ஓய்வுபெற்ற மனிதர், புரொஜெக்டரையும் மண்டபச் சாவியையும் பார்த்துக்கொள்பவர். அவர் செய்தி கொண்டுவந்தார். மண்டபத்துக்குப் பொறுப்பான பிரெஞ்சு மதாம் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஞாயிறு பிற்பகலுக்கு வேறொரு குழு காத்திருக்கிறது. நடத்த ஆளில்லாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். தானே ஒரு ஞாயிறு வந்து பார்த்து முடிவு சொல்வாராம். அந்த ஞாயிறு நாளை.

"பேசாமல் இந்தியாத் தமிழ்ப் பகிடிப் படமாய்ப் போட்டுச் சிரிச்சிட்டுப் போவம். ஆரும் கதைக்கத் தேவையில்லை" என்றார் பொண்டி அண்ணை.

"அதை நான் வீட்டிலையிருந்தே பாப்பனே. அதுக்கு ஏன் ரெண்டு பஸ்?" என்றார் பியர்ஃபித் மாமி.

அண்ணை கைபேசியை எடுத்தார். படத்தைக் கொடுத்தால் தமிழில் பேசும் ஒரு செயலி. உளுந்துக் கப்பலின் முதல் காட்சியைப் போட்டுக் காட்டினார். எனக்கு இயந்திரங்களிடம் பகை இல்லை. உண்மையைச் சொன்னால் அது மோசமில்லை. நான் தவறாக எழுதிய ஒரு கப்பல் சொல்லை அது சரியாகச் சொன்னது; வீட்டுக்கு வந்து திருத்திக்கொண்டேன். மாமி கொஞ்ச நேரம் கேட்டார். "இவர் வடிவாத்தான் கதைக்கிறார்" என்றார். "ஆனால் இவருக்கு நாங்கள் இருக்கிறது தெரியாதே."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "நான் பேசறேன்" என்று சொன்னது என் குரல்தான் என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

பொண்டி அண்ணை என்னைப் பார்த்தார். "நீரோ? நீர் ரெலிபோனிலையே கதைக்கமாட்டீர்."

"தெரியும். பேசறேன்."

"உம்மடை தமிழுக்குச் சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து தினமும் வேலையிலிருந்து வந்ததும் இந்த மேசையில் உட்கார்ந்து உரக்கப் பேசிப் பழகுகிறேன். கேப்டனுக்கும் இன்ஜினியருக்கும் என்னால் வேறு வேறு குரல் கொடுக்க முடியவில்லை. இரண்டுபேரும் நானாகவே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சுவரில் தட்டினார். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை. வேலைபார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஆயிரம் பேர் முன் பேச அழைத்தபோதெல்லாம் வேறொருவரை அனுப்பியவள் நான். அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் இந்த ஒரு பிற்பகலை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கடைசி நிமிடங்களுக்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கேப்டன் தன் கப்பலுக்கு விடை சொல்கிறார். ஒன்றில் கம்பெனிக்காரர்களைத் திட்டுகிறார். ஒன்றில் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். உரக்கப் படித்தபோது மூன்றும் பொய்யாக இருந்தன. நீங்கள் சொல்லியிருந்தால் அந்த மூன்றையும் நம்பியிருப்பார்கள், நான் உட்பட. எனக்கு அது வராது. மூன்றையும் கிழித்துப் போட்டேன். நாளை அந்த இடத்தில் மைக்கை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கப்போகிறேன். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். உங்களோடு எத்தனையோ சனிக்கிழமைகள் சண்டை போட்டிருக்கிறேன். இதையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று யோசித்தேன். குரல் இல்லை, துணிச்சலும் முழுதாக இல்லை. திரையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துப் பேசுவீர்கள். அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். நாளை தெரியும்.

ஞாயிறு மாலை. நடந்ததை எழுதுகிறேன்.

நல்ல மழை. இருந்தும் வந்தார்கள், கதிரை போதாமல் பின்னால் சிலர் நின்றார்கள். பொண்டி அண்ணை மைக்கைத் தட்டிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, "கெதியாக் கதைக்காதையும், மெல்லமாக் கதையும்" என்றார். மதாம் இன்னும் வந்திருக்கவில்லை. படம் தொடங்கியது. என் முதல் வசனம் முடிந்ததுமே பியர்ஃபித் மாமி முன்வரிசையிலிருந்து உரக்கச் சொன்னார்: "பிள்ளை, செய்தி வாசிக்கிற மாதிரிக் கிடக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வசனத்தில் கேப்டன் "என்னங்க, கதவு மூடலையா?" என்று கேட்டார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "கப்டன் திருச்சியாம்!" என்றது ஒரு குரல். நான் நிறுத்தவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னேன்.

தீ அணைந்தது. கேப்டன் தேநீர் கேட்டார். நான் "சர்க்கரை இரண்டு" என்று சொல்லி முடிக்கவில்லை, இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்தார். "உளுந்தெல்லோ!" அவ்வளவுதான், அது மண்டபம் முழுக்கப் பரவியது. "தண்ணியை ஊத்திப்போட்டாங்களே!" "இப்ப பாரன், ஊதப்போகுது!" "கப்டன், உந்தத் தேத்தண்ணியை வைச்சிட்டுக் கீழ போய்ப் பாரும்!" கொஞ்ச நேரம் நான் பேசவே தேவையிருக்கவில்லை. அவர்கள் அவரை எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.

நடுவில் ஒருமுறை தாள்கள் மாறிப்போய் கேப்டனின் பேச்சை இன்ஜினியருக்குக் கொடுத்துவிட்டேன். "அது மற்ற ஆள்" என்று திருத்தினார்கள். படகில் ஏறும் இடத்தில் உங்கள் வசனத்தைச் சொன்னேன். செருப்பைக் கழட்டுங்கோ, வழுக்கும். உங்கள் பேச்சிலேயே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் தன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசி இடம் வந்தது. மைக்கை மடியில் வைத்தேன். தண்ணீர் சத்தம் மட்டும். மதாம் அப்போதுதான் நனைந்த குடையோடு கதவைத் திறந்து வந்து சுவரோரம் நின்றார். கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு பியர்ஃபித் மாமி, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். பின்வரிசையில் கோட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் எழுந்தேவிட்டார். நான் மைக்கை எடுத்தேன்.

"முடியலை. உட்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை; திரையில் இருந்ததைச் சொன்னேன். "கப்பல் சாய்ஞ்சு நிக்குது. முழுகலை. சுத்தி உளுந்து மிதக்குது. கேப்டன் ஒண்ணை எடுக்கிறார். பார்க்கிறார். சிரிக்கிறார்."

"ஏன் சிரிக்கிறான்?"

"எனக்குத் தெரியாது, மாமி."

அதையும் மைக்கில்தான் சொன்னேன். "சரி" என்றார் மாமி. திரை இருண்டது.

விளக்கைப் போட்டதும் சண்டை தொடங்கியது. கம்பெனிக்காரனை நினைத்துத்தான் சிரிக்கிறான் என்றார் பொண்டி அண்ணை. "அவன் சிரிக்கேல்லை, குளிரிலை வாய் கோணிப்போச்சு" என்றார் மாமி. ஒருவர், உயிர் தப்பினவன் அப்படித்தான் சிரிப்பான் என்றார். யாரும் வாசலைப் பார்க்கவில்லை. மதாம் என்னிடம் வந்து, இவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். கேப்டன் ஏன் சிரித்தார் என்பதற்கு என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். தான் கடைசிக் காட்சியை மட்டும்தான் பார்த்ததாகவும், அந்த மனிதர் அழுததாகவே தனக்குத் தோன்றியதென்றும் சொன்னார். அதை மண்டபத்துக்குத் தமிழில் சொன்னேன்.

"அழுறதோ?" மாமி கதிரையிலேயே திரும்பிவிட்டார். "பாதியிலை வந்து நிண்டுகொண்டு கதை சொல்ல வந்திட்டா. முதல் கண்ணாடியை மாத்தச் சொல்லும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மதாம் என் முகத்தையே பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். பொண்டி அண்ணைக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அவரும் என்னைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு நீங்கள் தொடக்கத்திலிருந்தே வந்து எங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள்" என்றேன்.

பொண்டி அண்ணை இருமினார். மதாம் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கோடைகாலம்வரை ஞாயிறு பிற்பகல் உங்களுடையது, பிறகு மறுபடியும் பேசுவோம், ஆனால் அடுத்த முறை கதிரைகளை நீங்களே அடுக்க வேண்டும், என்றார்.

அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.